முத்தையாவின் சிக்ஸ் பாயிண்டர்

"வயித்து வலியா? இன்னிக்கா?"

முத்தையா கத்திய கத்தலில் நடுவரே திரும்பிப் பார்த்தார். ஆட்டம் தொடங்கப் போகிறது; கோல்கீப்பர் சுரேந்தர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிங்கப்பூர் கிளமெண்டி மைதானத்துப் புல்லில் படுத்துக் கிடக்கிறான்.

முத்தையா கட்டுமானக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை லீகில் ஆடும் கம்பெனி அணிக்கு மேனேஜரும் அவர்தான். பசங்களுக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் லீவு. காலையில் பயிற்சி, சாயங்காலம் ஆட்டம் என்று அதையும் அவர்களுக்காகவே செலவழித்தார், அவ்வளவு பாசம்.

புள்ளிப் பட்டியலின் அடியில் இரண்டு அணிகள்: இவருடையது, இன்னொரு கம்பெனி மேனேஜர் துரைசாமியுடையது. இன்று மோதுவதும் இவை இரண்டும்தான். "ஜெயிச்சா நமக்கு மூணு பாயிண்ட். அவனுக்குக் கிடைக்க வேண்டிய மூணும் போச்சு. இதான்டா சிக்ஸ் பாயிண்டர்" என்று வாரம் முழுக்கப் பசங்க உயிரை வாங்கியிருந்தார். தோற்றால் இரண்டாம் டிவிஷன். அது எங்கே, எப்போது நடக்கிறது என்றுகூட அவர் கேட்டதில்லை, கேட்பதே கேவலம். அப்புறம் துரைசாமி முகத்தில் எப்படி முழிப்பது?

ஸ்ட்ரைக்கர் அதீஃபைப் பிடித்துக் கோலில் நிறுத்தினார். இப்போது ஸ்ட்ரைக்கர் இல்லை. லாரி ஓட்டி வந்த அப்துல் அஜீஸை இறங்கச் சொன்னால், பூட்ஸை மறந்துவிட்டேன் என்கிறான். வந்த ஆத்திரத்தில், தொப்பையை ஜெர்சிக்குள் திணித்துக்கொண்டு அவரே இறங்கிவிட்டார்.

அதிசயமாக, அவர் முழங்காலில் பட்டு ஒரு கோலும் விழுந்தது. கையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கட்டிப்பிடிக்க ஒருத்தன் வரவில்லை. எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை.

அதன்பிறகு நடந்த அக்கிரமத்தை என்ன சொல்ல! கைக்கு வந்த பந்தை அதீஃப் தன் வலைக்குள்ளேயே போட்டான். பின்னால் தடுப்பில் நின்ற இவருடைய தடியன் ஒருவன் தலையால் முட்டி அதே வலைக்குள் இன்னொன்று போட்டான். தோல்வி. துரைசாமி வேறு வந்து முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

"சோத்தைத்தானடா திங்கிறீங்க?"

லிட்டில் இந்தியா வரும்வரை முத்தையாவின் வாய் ஓயவில்லை. பசங்க லாரியில் தலையைக் குனிந்திருந்தார்கள், தோள்கள் குலுங்கின. அழுகிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. சரி, தொலையட்டும், ஒரு டீயாவது வாங்கிக் கொடுப்போம் என்று மரியம்மாள் சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்தச் சொன்னார். வயிற்று வலிக்காரன் சுரேந்தர்தான் முதலில் குதித்தான்.

மரியம்மாள் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தோத்தாச்சா அண்ணே? நல்லதாப் போச்சு லா. கீழ் டிவிஷனுக்கு ஞாயித்துக்கிழமை மேட்சே கிடையாதாமே, பசங்க போன வாரமே பிரியாணிக்குச் சொல்லி வச்சுட்டாங்க."