உன் வண்டி எங்கே மூச்சு விடுகிறது, மார்ட்டின்?

வடக்கனந்தல்,
ஞாயிறு பிற்பகல்.

அன்பும் பண்பும் மிக்க மைத்துனர் திரு. மார்ட்டின் அவர்களுக்கு, உம் தமக்கையின் கணவன் மைக்கேல்ராஜ் ஆண்டவரை முன்னிட்டு எழுதிக்கொள்ளும் மடல்.

இங்கே நான், உன் அக்கா ஆனந்தமேரி, எங்கள் மகள் லிடியா, சினையாக இருக்கும் வெள்ளாடு உட்பட எல்லோரும் நலம். அங்கே ஜெர்மனிக் குளிரில் நீயும் ஷாலினியும் மூக்கடைப்பு இல்லாமல் இருக்க ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொள்கிறோம். மேலே "அவர்களுக்கு" என்று போட்டது கடிதத்துக்கு உரிய மரியாதை. இனி வழக்கம்போல் நீ, வா, போதான், கோபித்துக்கொள்ளாதே.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வண்டி என்று வாயெடுத்தாலே, "மாமா, அதத் தொடாதீங்க, நான் மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும், திரும்ப எடுக்கும்போது விட்ட இடத்திலேயே நான் நின்றுகொண்டிருப்பேன்.

பெங்களூரில் யாரோ ஒரு டாக்டர் ஓட்டி, அவரிடமிருந்து நீ வாங்கி, ஊரைவிட்டுக் கிளம்பும்போது விற்க மனம் வராமல் என் பேருக்கு மாற்றி அனுப்பிவைத்தாயே, அந்த வண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி என்று சொன்னாய். எந்தப் பாதி எப்போது என்று சொல்லவில்லை. நான் வேலை பார்த்த காலமெல்லாம் கால்நடை ஆய்வாளன். ஒரு மாடு தீனி எடுக்கவில்லை என்றால் வாயைத் திறந்து பார்ப்பேன், வயிற்றில் காது வைப்பேன், காரணம் தெரியாமல் வீடு திரும்ப மாட்டேன். அப்படிப்பட்டவனிடம் போய், வாயும் தெரியாத வயிறும் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்து கட்டிவிட்டாய்.

வண்டியைக் கொண்டுவந்த டிரைவர் சாவியைக் கையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டான். சாவி என்றால் சாவி இல்லை, தீப்பெட்டி மாதிரி ஒரு கறுப்புப் பொருள். உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினேன். விளக்கெல்லாம் எரிந்தது, ஒரு முனகல் கூட இல்லை. மறுபடி அழுத்தினேன், எல்லாம் அணைந்தது. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியப்பனை உனக்குத் தெரியும், கரும்பு போட்டிருக்கிறவர், ஊரில் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். அவர் வந்து முன்மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துவிட்டு, "டாக்டரே, மூச்சே காணோமே. வழியிலேயே போயிருக்குமோ?" என்றார். சரி, தள்ளிப் பார்க்கலாம் என்று அவர் பின்பக்கம் போய்க் கையை வைத்தார். நான் மறுபடி பொத்தானை அழுத்தி, விளக்கு எரிந்ததும் கியரைப் போட்டேன். வண்டி சத்தமே இல்லாமல் நழுவிப் போய் அவருடைய வைக்கோல் போரில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கொளஞ்சியப்பன் குப்புற விழுந்து, எழுந்து, வேட்டியை உதறிக்கொண்டு, "நான் தள்ளினதுல போச்சா, அதுவா போச்சா?" என்று கேட்டார். தன் கை பலத்தால்தான் போனது என்று இன்று வரை அவர் வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது கோயிலில். ஞாயிறு பூசைக்கு உன் அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். புங்கமர நிழலில் நிறுத்திவிட்டு இறங்கினேன். வண்டி பீப் பீப் என்று கத்தியது. போய்வாருங்கள் என்கிறது போலும், நல்ல வளர்ப்பு என்று நினைத்து நானும் கையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அணைக்க மறந்துவிட்டு இறங்குகிறாயே என்று அது திட்டியிருக்கிறது. சத்தம் போடாத வண்டி அணைந்திருக்கிறதா, எரிந்துகொண்டிருக்கிறதா என்று நான் எப்படி அறிவேன்? ஃபாதர் அன்றைக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். இறந்தவர் எழுவர் என்று சொல்லி அவர் மூச்சு வாங்கிய நேரம் பார்த்து, வெளியே ஆளில்லாத வண்டி தானாக உறுமிக்கொண்டு எழுந்தது. கடைசி வரிசையில் இருந்த சாலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, "யம்மா, யாருமே இல்லாம ஓடுதும்மா!" என்று கத்தினாள். பாதிக் கோயில் வாசலில். ஃபாதரே இறங்கி வந்துவிட்டார்.

"உள்ள யாருங்க இருக்காங்க, மைக்கேல்ராஜ்?"

"யாரும் இல்லீங்க ஃபாதர்."

"அப்ப யாரு ஸ்டார்ட் பண்ணது?"

"அதத்தான் ஃபாதர் நானும் பாத்துக்கினு இருக்கேன்."

சற்று நேரத்தில் அது தானாகவே அடங்கியது. பேட்டரி இறங்கினால் எஞ்சின் தானே எழுந்து அதை நிரப்பிவிட்டுத் தானே படுத்துக்கொள்ளும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எவ்வளவு அழகான ஏற்பாடு! கன்று கத்தியதும் பசு எழுந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பப் படுப்பது மாதிரி. மறுபடி எப்போது எழும் என்று பார்ப்பதற்காக அங்கேயே நின்றதில் நற்கருணை வாங்கவில்லை. உன் அக்கா வீடு வரும் வரை என்னோடு பேசவில்லை. வண்டியும் பேசவில்லை. அப்படி அமைதியான பயணத்தை நான் கண்டதில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லிடியாவுக்கு ஒரு இடம் வந்தது. பையன் பெயர் ஆல்பின், வெள்ளிமலையில் பள்ளி ஆசிரியர், அம்மாவோடு அங்கேயே இருக்கிறார். அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். லிடியா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இதற்கு முன் வந்த இடங்களையெல்லாம் அவள் இப்படி மௌனத்திலேயே திருப்பி அனுப்பியவள் என்பது உனக்குத் தெரியும். உன் அக்கா நெஞ்சில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் போக வேண்டிய முறை. பெண் கூட வரும் வழக்கமில்லை. லிடியா செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் இருக்கப் போற வூட்ட நான் பாக்கக் கூடாதா?" என்று முன்னால் வந்து நின்றாள்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் வண்டி கல்யாணக் களையோடு போய் நிற்க வேண்டும் என்று உன் அக்கா கள்ளக்குறிச்சி போய், குஞ்சம் வைத்த கருஞ்சிவப்பு வெல்வெட் உறை வாங்கிவந்து பின்சீட்டை மூலைமுடுக்கு விடாமல் போர்த்தியிருந்தாள். மலை ஏறத் தொடங்கினோம். வளைவுக்கு வளைவு அது எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் மாறி மாறித் தாவுவதை நான் ரசித்துக்கொண்டே போனேன். பாதி மலையில் திரையில் மஞ்சள் எழுத்து வந்தது. லிடியா படித்தாள். ஹைபிரிட் பேட்டரி சூடாகிவிட்டது, பத்திரமான இடத்தில் நிறுத்தவும். வண்டி இரைக்காமல் முனகாமல், கொள்ளாத பாரம் ஏற்றிய மாடு மாதிரி நடையைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆகாயம்.

மேலே போகிற பஸ் வந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், பெரிய வண்டி படுத்துக்கிச்சா?" என்றார். ஆல்பினைத் தெரியுமாம். சொல்லிவிடுகிறேன் என்று போனார். உன் அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் வண்டிக்குள் ஏறி ஒவ்வொரு இடமாகக் காது வைத்துக் கேட்டேன். பின்சீட்டுக்கு அடியில் எங்கேயோ ஒரு சின்ன இரைப்பு. மார்ச்சளி கட்டிய கன்று இரைக்கிற அதே இரைப்பு. எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தை என்னவென்று சொல்வேன்!

"பொண்ணு வாழ்க்க நடுரோட்டுல நிக்குது, நீங்க சீட்டுக்கு நாடி பாத்துக்கினு கீறீங்களே!" என்று உன் அக்கா அழுதே விட்டாள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நிற்க முடியாமல் லிடியா தானே கதவைத் திறந்து, பட்டுப்பாவாடையோடு மண்டியிட்டு, சீட்டுக்கு அடியில் தலையை விட்டாள். இரைப்பு எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். அந்த நேரம் பார்த்து ஆல்பின் பைக்கில் வந்து இறங்கினார். உன் அக்கா முகம் செத்துவிட்டது. வருங்கால மாப்பிள்ளை வந்ததும் முதலில் பார்ப்பது மணப்பெண்ணின் இரண்டு குதிகால்களை! அவரோ வணக்கம் என்றுகூடச் சொல்லாமல், மறுபக்கக் கதவைத் திறந்து தானும் மண்டியிட்டு, "உள்ள எதனா சத்தம் வருதுங்களா?" என்று லிடியாவைக் கேட்டார்.

"வருதுங்க. காத்த இழுக்கிற மாதிரி."

"உள்ள இழுக்குதா, வெளிய தள்ளுதா?"

"இருங்க, கைய வெச்சுப் பாக்கறேன். உள்ள இழுக்குது."

"எத இழுக்குது?"

லிடியா தலையை இன்னும் உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு மெல்ல, "எங்கம்மா வாங்குன வெல்வெட்ட" என்றாள்.

சீட்டின் ஓரத்தில், பேட்டரிக்குக் குளிர்ந்த காற்று போவதற்கு ஒரு சன்னல் வைத்திருக்கிறார்கள் மார்ட்டின். வண்டியின் மூக்கு அதுதான்! அதன்மேல் வெல்வெட் உறிஞ்சி ஒட்டிக்கொண்டிருந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க, குஞ்சம் அறுந்து லிடியாவின் தலையில் விழுந்தது. ஆல்பின் அதை எடுக்கலாமா கூடாதா என்று கையை நீட்டி, மடக்கி, கடைசியில் தலையில் குஞ்சம் இருக்கிறது என்று அவளிடம் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள். லிடியா அந்த மாதிரிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. கதவுகளைத் திறந்துபோட்டு மலைக்காற்றில் வண்டியை ஆறவிட்டோம். அதுவரை அவர்கள் இருவரும் அந்தச் சன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எலி புகுந்தால் என்ன ஆகும், ஏன் சீட்டுக்கு அடியில் வைத்தான், ஏன் வெளியே வைக்கவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை.

எழுத்து மறைந்தது, வண்டி எழுந்தது, வெள்ளிமலை போய்ச் சேர்ந்தோம். ஆல்பினின் அம்மா சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்து எங்களை நிரப்பினார். இறங்கும்போது இன்னொரு அதிசயம் கண்டேன். பிரேக்கை மிதிக்க மிதிக்கப் பேட்டரி ஏறுகிறது! மலை இறங்கும் கூலியை வண்டி தன் மடியிலேயே கட்டிக்கொள்கிறது. இதை நான் வாய்விட்டு வியந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து லிடியா சொன்னாள்: "அப்பா, எனக்குச் சரி. பட்டுப்பாவாட அழுக்காச்சேன்னு கேக்காம, உள்ள இழுக்குதா வெளிய தள்ளுதான்னு கேட்டாரு பாருங்க." உன் அக்கா சந்தோஷத்தில் மாதாவுக்கு நன்றி சொன்னாள். அதே மூச்சில், "வூட்ல ஒண்ணு போதாதுன்னு இப்ப ரெண்டு" என்று முனகினாள்.

இத்தனை நல்லது நடந்த பிறகும் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் நான் மத்தியான வேளைகளில் வண்டிக்குள் உட்கார்ந்து திரையில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்ததில், அதன் சின்னப் பேட்டரி முழுதாகப் படுத்துவிட்டது. பெரிய பேட்டரி இருக்கும்போது சின்னது எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கதவு திறக்கவில்லை. உள்ளே லிடியாவின் நிச்சயதார்த்தப் புடவை. வெளியே நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பி நிற்கும் உன் அக்கா. அந்தத் தீப்பெட்டிச் சாவிக்குள்ளேயே ஒரு நிஜச் சாவி ஒளிந்திருக்கிறது என்று நீ போனில் சொல்வதற்குள், பெண் வேறு புடவையில் வெள்ளிமலைக்குப் பஸ் ஏறிவிட்டாள். அன்றோடு உன் அக்கா, கல்யாணத்தன்று இந்த வண்டி வாசலில் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மறுநாள் மெக்கானிக் வந்து சின்னப் பேட்டரியை எழுப்பிவிட்டார். சங்கராபுரத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் சரத்குமார் என்பவர் நாளை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கொடுத்துவிடுகிறேன். நீ ஆசையாகக் கொடுத்ததை விற்கிறேன் என்று வருத்தப்படாதே. என் முடிவில் மாற்றமில்லை.

உனக்கும் ஷாலினிக்கும் எல்லா நலனும் வளமும் பெருகட்டும். ஆண்டவர் உங்கள் வீட்டுக் கதவுகளைச் சமயத்தில் திறக்கட்டும். லிடியாவின் திருமணத்துக்குக் குடும்பத்தோடு வந்து நின்று நடத்திக்கொடு.

இப்படிக்கு,
உன் மாமா,
மைக்கேல்ராஜ்.

பின்குறிப்பு: இன்று திங்கள். சரத்குமார் வந்தார். நல்ல மனிதர், வெள்ளைச் சட்டை. வண்டியை எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "சும்மா வாசல்ல நின்னா ஒரு கெத்துங்க" என்றார். இறக்கத்தில் பேட்டரி நிரம்புவதை விளக்கினேன். "அதெல்லாம் எனக்கு எதுக்குங்க, ஏசி ஜில்லுனு வருமா?" என்றார். மூக்கு இருக்கிற இடத்தைக் காட்டக் கதவைத் திறந்தேன். அவர் போனில் பேசிக்கொண்டே தெருவுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும், வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு தூரம் வரவைத்துவிட்டு இதென்ன என்று அவர் உன் அக்காவைப் பார்த்தார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "டீ ஆறுது தம்பி, குடிச்சுட்டுக் கெளம்புங்க" என்றாள். ஆகவே மேலே வண்டியை விற்பதாக எழுதிய பத்தியைப் படிக்காதே. இன்னொன்று. கூரை விளக்கின் பக்கத்தில் சல்லடை மாதிரி ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. இதை வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஸ்டியரிங்கில் பேசும் வாய் படம் போட்ட பொத்தானை அழுத்திவிட்டு, நீ எதற்கப்பா என்று அதனிடமே இப்போது கேட்டேன். ஒரு பெண் குரல் இங்கிலீஷில் நிதானமாக ஏதோ சொன்னது, எனக்குப் பிடிபடவில்லை. "யாருங்க அது, உள்ள பொம்பள கொரலு?" என்று உன் அக்கா கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பதிலைத் தபாலில் அனுப்பாதே, உடனே போன் பண்ணு.