வீடா, பொது இடமா?

"சொந்த வீட்டைப் போய் பொது இடம்னு எப்படிங்க சொல்றது, மாப்பிள்ளை?"

'இந்த வைஃபை இருப்பது வீடா, பொது இடமா?' என்று கம்ப்யூட்டர் திடீரென்று கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல், ஓய்வுபெற்ற தபால்காரர் போனில் தவித்தார்.

"வீடுன்னு போட்டா, வைஃபையில இருக்கிற எல்லாருக்கும் உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறதெல்லாம் தெரியும் மாமா. பொது இடம்னு போட்டாத்தான் பாதுகாப்பு. உங்க காம்பவுண்டுல நாலு வீட்டுக்கும் சேத்து ஒரே வைஃபை வேற வச்சிருக்கீங்க."

"தாராளமாப் போடுங்க," என்றாள் மனைவி. "உங்க சொந்தக்காரங்க வந்து போறதுக்கு இது பஸ் ஸ்டாண்டேதான்."

போட்டார். அன்று சாயங்காலம் டிவியில் பாட்டு வரவில்லை.

சாதாரணப் பாட்டா அது? கல்யாணமான புதிதில் அவள் பாட, அவர் கேசட்டில் பிடித்தது. நடுவில் குக்கர் விசிலடிக்கும். அவள் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் அந்தப் பாட்டுக் குரல் போயே போய்விட்டது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, தினமும் டிவியில் இருவருமாகக் கேட்பார்கள். கேட்கும்போதெல்லாம் அவருக்கு அப்போது குடியிருந்த ஒண்டுக்குடித்தன அறை ஞாபகம் வரும்.

ஆனால் அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "வெளியாள் காதுல விழுந்துச்சோ, அன்னிக்கே அழிச்சுடுவேன்." அந்தப் பயத்தில்தான் மனிதர் மருமகன் பேச்சைக் கேட்டதே.

மறுநாள் 'வீடு' என்று மாற்றி, பாஸ்வேர்டும் போட்டார். பிரிண்டர் முறைத்துக்கொண்டது. டிவி பாஸ்வேர்டு கேட்டது. ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துவதற்குள், போட்ட பாஸ்வேர்டே மறந்து தொலைந்தது.

"உங்க பாதுகாப்புல இடி விழ! என் பாட்டை எனக்கே காட்ட மாட்டேங்குது."

"சும்மா இரு, இதோ வந்துடும்."

வைஃபை பெட்டியின் பின்னால் இருந்த பொடிப் பொத்தானைக் குண்டூசியால் ஓர் அமுக்கு அமுக்கினார். அவ்வளவுதான். நாலு வீட்டுக்கும் நெட் போனது.

காலிங் பெல் அடித்தது. வாசலில் மாடி வீட்டம்மா. பின்னாலேயே மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும். மனைவியும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"நெட்டுதானேம்மா? அஞ்சே நிமிஷம்," என்று தபால்காரர் கெஞ்சினார்.

"நெட்டு கிடக்குது விடுங்க சார். சாயங்காலமானா எங்க மூணு வீட்டு டிவியிலயும் அக்கா பாட்டுத்தான் ஓடும். நேத்துலேர்ந்து காணோமே, அவங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு பாத்துட்டுப் போக வந்தோம்!"