லேபில் ஐயாவும் சீனி டின்னும்

பகவான் இந்த உலகத்தைப் படைத்தபோது ஒரே ஒரு வேலையை அரைகுறையாக விட்டுவிட்டார். எந்தப் பொருளுக்கும் பெயர் எழுதி ஒட்டவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவென்றே பிரிக்பீல்ட்ஸில் வந்து அவதரித்தவர் எங்கள் லேபில் ஐயா. முருகன் மன்னிக்கட்டும், இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அவரே அப்படித்தான் நம்பினார்.

ரயில்வே ஆட்கள் குடியிருந்த கோர்ட்டர்ஸுக்கு எதிர் வரிசையில் மருந்துக் கடை வைத்திருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கண்ணில் பட்டதற்கெல்லாம் லேபில் ஒட்டியவர், தமக்கு ஒன்று ஒட்டிக்கொள்ள மறந்துவிட்டார்.

போத்தல்களுக்கு லேபில் ஒட்டுவது மருந்துக் கடையில் வழக்கம்தான். இவர் பெஞ்சில் 'உட்கார மட்டும்' என்று ஒட்டியிருந்தார். குடையில் 'வெளி உபயோகத்துக்கு மட்டும்.' கடையில் ஒரு கிழட்டுப் பூனை இருந்தது. தெருப் பிள்ளைகள் அதைத் தூக்கி ஆட்டுகிறார்கள் என்று அதன் கழுத்தில் ஓர் அட்டை கட்டிவிட்டார்: 'குலுக்கக் கூடாது.'

லேபில் இல்லாத பொருள் அந்தக் கடையில் ஒன்றே ஒன்றுதான். முருகன் படத்தடியில் இருந்த விபூதிச் சீசா. யாருக்கு மருந்து கொடுத்தாலும், அதிலிருந்து ஒரு சிட்டிகை நெற்றியில் இட்டுத்தான் அனுப்புவார்.

அந்தக் காலத்தில் மருந்துத் தண்ணிக்குப் போத்தலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். சர்க்கார் துரை வந்து கடையைச் சோதிப்பது எப்போதாவது. லேபில் ஐயா எங்கள் போத்தலைச் சோதிப்பது தினசரி. வெயிலில் தூக்கிப் பிடிப்பார், கவிழ்ப்பார், மூக்கை உள்ளே விடாத குறையாக மோந்து பார்ப்பார்.

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா ஒரு நாள் நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுபோய்விட்டாள்.

"ஏம்மா, பிள்ளைக்கு இருமலா, இல்ல வீட்டுல ரசமா? மருந்து ஊத்தவா, தாளிச்சுக் கொட்டவா?"

"கழுவித்தான் கொண்டாந்தேன் ஐயா!"

"கழுவினது உங்களுக்குத் தெரியுது, போத்தலுக்குத் தெரியலையே. போங்க, சாம்பல் போட்டுக் கழுவிட்டு வாங்க."

அக்கா திட்டிக்கொண்டே தெருமுனைப் பைப்படிக்குப் போனாள். தெருவில் எல்லோரும் அப்படித் திட்டிக்கொண்டே போனவர்கள்தான்.

கசப்பு மருந்து குடிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஐயா ஒரு டின்னில் சீனி வைத்திருந்தார். அது தானாகக் குறைந்துகொண்டே வந்தது. ரயில்வே கேட்டில் வேலை பார்த்த மாணிக்கம் பெஞ்சில் உட்கார்ந்து போகும் நாளில் கொஞ்சம் அதிகமாகவே குறையும். ஐயா ஒரு முடிவு செய்தார். மண்டையோடு படம் போட்ட சிவப்பு லேபில் ஒன்றை எடுத்து, 'விஷம்' என்று சீனி டின்னில் ஒட்டிவிட்டார். ஆயுளில் அவர் ஒட்டிய பொய் லேபில் அது ஒன்றுதான்.

ரப்பர் விலை விழுந்து எல்லோரும் கஷ்டப்பட்ட சமயம். என் வீட்டுக்காரி குளிர்காய்ச்சலில் படுத்திருந்தாள். கொய்னா மருந்து வாங்கப் போத்தலோடு போனேன். கடைக்குள் தொப்பியும் கையுமாக ஒரு வெள்ளைக்காரத் துரை. லைசென்ஸ் புதுப்பிக்கக் கடையைச் சோதிக்க வந்திருந்தார். முன்னே ரப்பர் தோட்டத்தில் தமிழாட்களோடு இருந்தவர், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவர் வேண்டாம் என்றால் கடை மூட வேண்டியதுதான். எங்கள் தெருவுக்கு அதைவிட்டால் பெரியாஸ்பத்திரிதான். அவ்வளவு தூரம் நடக்க என் வீட்டுக்காரிக்குத் தெம்பு கிடையாது. வழக்கம்போல் பெஞ்சில் இருந்த மாணிக்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முருகா முருகா என்றிருந்தேன்.

துரை தராசைப் பார்த்தார். விஷ அலமாரியைப் பார்த்தார். "சாவி எங்கே?" என்றார். ஐயா வேட்டியை விலக்கி, அரைஞாணில் கட்டியிருந்த சாவியைக் காட்டினார். துரைக்குத் திருப்தி. சந்தோஷத்தில் ஐயா பக்கத்துக் கடையிலிருந்து கோப்பி வரவழைத்தார்.

துரை ஒரு வாய் குடித்தார். "கசக்குது."

"இதோ துரை!" என்று ஐயா, கை போன போக்கில், சீனி டின்னைத் திறந்து தாராளமாக அள்ளிப் போட்டுக் கலக்கினார்.

துரையின் கண் மண்டையோட்டின் மேல் நின்றது.

"இது என்னா?"

"சீனி, துரை."

"லேபில்?"

"விஷம், துரை."

"உள்ளே?"

"சீனி, துரை."

துரை கோப்பியை மெதுவாகக் கீழே வைத்தார். ஐயாவைக் காப்பாற்ற மாணிக்கம் பாய்ந்தான். டின்னில் கையை விட்டு ஒரு பிடி வாயில் போட்டுக்கொண்டான். "பாருங்க துரை! தினம் திங்கிறேன், செத்தா போயிட்டேன்?"

ஐயாவுக்குத் துரை மறந்துபோனார். "அடப்பாவி! ஒட்டின பிறகும் தின்னியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே ஐயா."

"மண்டையோடு படம் இருக்கேடா!"

"நீங்க உங்க படத்த ஒட்டியிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்!"

ஐயாவின் கன்னம் அப்படித்தான் ஒட்டிக் கிடக்கும். எனக்குச் சிரிப்பு முட்டியது. துரை சிரிக்கவில்லை.

"சீனி மேலே விஷம்னு எழுதினே. நாளைக்கு விஷம் மேலே சீனின்னு எழுதினா? லேபில் பொய் சொல்ற கடைக்கு லைசென்ஸ் இல்லே."

ஐயா டின்னைக் கையில் எடுத்தார். நகத்தால் அந்தச் சிவப்பு லேபிலைச் சுரண்டினார்.

"துரை சொல்றது நியாயம். இந்தத் தம்பி சம்சாரத்துக்குக் காய்ச்சல். இந்த ஒரு மருந்த மட்டும் கலக்கிக் கொடுத்துட்டுப் பூட்டிடறேன்" என்று என்னிடம் கையை நீட்டினார். போத்தலைக் கொடுத்தேன். வெயிலில் பிடித்தார். கவிழ்த்தார். மோந்தார்.

"மண்ணெண்ணெய் வாடை. போய்க் கழுவிட்டு வா."

எனக்கு ஆத்திரம் வந்தது. "ஐயா, கடையே போகுது! இப்பப் போயி..."

"கடை போனா என்னோட போச்சு. போத்தல் கெட்டா உன் சம்சாரம் வயித்துக்கில்ல போகும்? போ!"

பைப்படிக்கு ஓடினேன். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தேன். மறுபடி துரத்தினார். மறுபடி ஓடினேன். திரும்பி வந்தபோது துரை பெஞ்சில், 'உட்கார மட்டும்' என்பதன் மேலேயே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா எனக்கு மருந்து ஊற்றித் தக்கை வைத்தார். துரை எழுந்தார்.

"நான் எல்லா லேபிலும் படிக்கிறேன். ஒண்ணு பொய் இருந்தாலும் கடை மூடு."

ஒவ்வொரு போத்தலாகப் படித்தார். குடையைப் படித்தார். "சரிதான்." பூனையைத் தூக்கி எழுத்துக்கூட்டினார். "கு...லுக்...கக் கூடாது." பூனை உறுமியது. "ரொம்பச் சரி" என்று இறக்கிவிட்டார். கடைசியில் முருகன் படத்தடியில் நின்றார்.

"இதுக்கு லேபில் இல்லே."

"அது விபூதி, துரை."

"உள்ளுக்கா, வெளிக்கா?"

"ரெண்டுக்கும், துரை."

"என்ன சீக்குக்கு?"

எதற்கும் பேனா தயாராக வைத்திருக்கும் ஐயா, அன்றைக்கு முதல் தடவையாக யோசித்தார். படத்தைப் பார்த்தார். என் கையில் இருந்த மருந்தைப் பார்த்தார்.

"என் மருந்து கேக்காத சீக்குக்கு, துரை."

துரை தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "அதையே எழுதி ஒட்டு" என்றார். ஐயா எழுதி ஒட்டினார், அதிலிருந்தே ஒரு சிட்டிகையை என் வீட்டுக்காரிக்கென்று மடித்துக் கொடுத்தார். துரை லைசென்ஸில் கையெழுத்துப் போட்டார். ஆறிப்போன கோப்பியை எடுத்துக் குடித்தார். மாணிக்கத்தைப் பார்த்து, "சீனி அதிகம்" என்றார்.

முருகன் அருளில் என் வீட்டுக்காரி எழுந்து நடமாடினாள். அவள் மருந்தால் பிழைத்தேன் என்றாள், நான் விபூதியால் என்றேன். ஐயாவைக் கேட்டோம். "கழுவின போத்தலால" என்றார்.

சில வருஷம் கழித்து, தைப்பூசத்துக்கு முந்தின நாள், கடை திறக்கவில்லை. படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உறவென்று ஊரில் ஒருவரும் இல்லை. தெருவே வந்து நின்றது. மாணிக்கம் அந்த விபூதிச் சீசாவை எடுத்துவந்து, "அண்ணே, நீங்க பூசுங்க" என்று என்னிடம் நீட்டினான்.

நான் வாங்கவில்லை. முதலில் பைப்படிக்குப் போய், சாம்பல் போட்டுக் கையைக் கழுவினேன். மோந்து பார்த்தேன். எதற்கும் இருக்கட்டுமென்று, மறுபடியும் ஒரு தடவை கழுவிக்கொண்டு வந்தேன்.