ஸ்பிரிங்கை அடக்கிய எருமைத் தோல்

வீட்டில் கார் ரிப்பேர் நடந்த கதையை யார் சொன்னாலும் அதில் வண்டி இருக்கும், ஜாக்கி இருக்கும், கைலியை மடித்துக் கட்டிய வீரர் ஒருவர் இருப்பார். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவர் மட்டும் இருக்க மாட்டார். எந்த நட்டுக்கு எந்த அளவு ஸ்பேனர் என்று தமக்கு முன்பே தெரிந்தும், வீரர் மூன்று தவறான ஸ்பேனர்களை முயன்று முடிக்கும்வரை பொறுமையாக நிற்பவர் அவர். இந்தக் கதையில் அவர் பெயர் ஜெயபுஷ்பம். முதல் பத்தியிலேயே எழுதிவைக்கிறேன். தள்ளிப்போட்டால் விட்டுப்போய்விடுகிறது.

1978, மே மாதக் கடைசி, ஆம்பூர். ஜெயபுஷ்பம் இயற்பியல் ஆசிரியை. நாட்றம்பள்ளியிலிருந்து ஏழு மைல் உள்ளே இருந்த ஒரு மிஷன் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வரச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்திருந்தது. அந்த ஏழு மைலுக்குள் நாளின் முதல் பஸ் பதினோரு மணிக்குத்தான் நுழையும். வீட்டில் பழைய ஹெரால்டு கார் இருந்தது. ஓட்டுநர் உரிமம் ஒன்றுதான் இல்லை. திங்கட்கிழமை வேலூரில் தேர்வு. அதை விட்டால் அடுத்த தேதி ஒரு மாதம் கழித்து. பள்ளித் தாளாளரோ செவ்வாய்க்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

அவருடைய கணவர் சுந்தர்ராஜ், தோல் தொழிற்சாலையில் ரகம் பிரிக்கும் சூப்பர்வைசர். கண்ணை மூடித் தோலைத் தடவி, அந்த ஆடு எந்தச் சந்தையிலிருந்து வந்தது என்று சொல்வார். சரியா தவறா என்று ஆட்டைக் கேட்கவா முடியும்? மனைவி வேலையை ஏற்றால் காரும் அவரோடு போய்விடும், தாம் தொழிற்சாலைக்கு சைக்கிள் மிதிக்க வேண்டும் என்பது அவர் கவலை. வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லவும் வழியில்லை. 'பெண்களும் முன்னேற்றமும்' என்ற தலைப்பில் சபையில் நாற்பது நிமிடம் பேசிக் கைதட்டு வாங்கியவர் அவர். ஆகவே ஒன்றரை மாதம் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடி ஜெபித்தபடி மனைவிக்கு வண்டி பழக்கினார். சனிக்கிழமை விடிந்ததும் வண்டியின் இடது முன்சக்கரத்தைக் கழற்றினார்.

"என்னங்க இது?"

"ஷாக் அப்சார்பர் போய்டுச்சு புஷ்பம். எண்ணெய் ஒழுகுது. ரொம்ப டேஞ்சர்."

"மூணு மாசமா ஒழுகுது. புதுசு வாங்கி பீரோ மேல வெச்சும் மூணு மாசம் ஆச்சு. இன்னிக்குத்தான் டேஞ்சரா?"

"உயிர் விஷயத்துல நாள் பாக்கலாமா?"

"எப்போ மாட்டுவீங்க?"

சுந்தர்ராஜ் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சை முந்தின நாளே ஒத்திகை பார்த்திருந்தார் என்பது என் கருத்து. "அதுதான் பேஜார். ஷாக் அப்சார்பரைச் சுத்தி ஸ்பிரிங் இருக்குது பாரு, அதை அமுக்கிப் பிடிச்சாத்தான் உள்ள இருக்கறது வெளிய வரும். அமுக்கறதுக்குன்னு கொக்கி வெச்ச திருகு ஒண்ணு இருக்கு. ஸ்பிரிங் கம்ப்ரெஸர்னு பேரு. அது ஆம்பூர்லயே கிடையாது. மெட்ராஸ்லேர்ந்து வரணும். பத்து நாள் ஆகும்."

"வாஹித் பாஷா கிட்ட இல்லையா?"

"கேட்டுப் பாரு."

இவ்வளவு தாராளமாக அவர் சொன்னபோதே ஜெயபுஷ்பத்துக்குச் சந்தேகம் வந்தது. நெடுஞ்சாலையில் கார் பட்டறை வைத்திருந்த வாஹித் பாஷா கணவரின் உயிர்த் தோழர். போய்க் கேட்டார். பாஷா வானத்தைப் பார்த்து, "இல்லீங்களே டீச்சர்," என்றார். பொய் சொல்லப் பழகாத மனிதர். நண்பருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காலம் தள்ளினார்.

ஜெயபுஷ்பம் திரும்பி வந்தபோது கணவர் இன்னொரு படி மேலே போயிருந்தார். சும்மா இருந்தால் சூழ்ச்சி தெரிந்துவிடும் அல்லவா? பாடுபடுவதாகக் காட்ட வேண்டும். ஷாக் அப்சார்பரோடு சேர்த்துக் கழற்றிய ஸ்பிரிங்கைப் பின்கட்டுத் தரையில் கிடத்தி, தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த ஈரமான எருமைப் பச்சைத் தோலை நாடாவாக அறுத்து, மேலிருந்து கீழாக இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பச்சைத் தோல் காயக் காயச் சுருங்கும் புஷ்பம். சுருங்கறப்ப ஸ்பிரிங்கையும் சேத்து இழுக்கும். நாலு நாள்ல தானா அமுங்கிடும். இருபது வருஷ சர்வீஸ்ல சொல்றேன்."

"வண்டியோட முன்பாரத்துல பாதிய அந்த ஒரு ஸ்பிரிங் தாங்குது. அதை எருமைத் தோல் இழுக்குமா?"

"எருமையை லேசா நெனச்சுக்காதே."

இதைச் சொல்லும் வேகத்தில், ஸ்பிரிங்கின் உச்சியில் நடுவே இருந்த நட்டின் மேல் ஸ்பேனரை வைத்து அழுத்தமாக ஒரு பார்வை பார்த்தார். ஜெயபுஷ்பம் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார்.

"அந்த ஒரு நட்டுதாங்க ஸ்பிரிங்கைப் பிடிச்சு வெச்சிருக்கு. அமுக்காம அதைக் கழட்டினா அது உங்க தாடை வழியா கூரை ஓட்டைப் பிச்சுக்கிட்டுப் போகும்."

"தெரியும், தெரியும். சும்மா வெச்சுப் பாத்தேன்." மீசையைத் தடவிக்கொண்டார். மீசையில் தோல் நாற்றம் ஏறியது.

அந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் ரோட்டு நாய்கள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு ஐந்து. சனிக்கிழமை முழுவதும் சுந்தர்ராஜ் கம்பும் கையுமாக ஓடினார். சோறு பாதியில் எழுந்து ஓடினார். குளிக்கப் போய் சோப்போடு ஓடினார். ஒரு நாய் வேலி இடுக்கில் படுத்து, மாதச் சம்பளக்காரரைப் போல நேரம் பார்த்துக் காத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது சுந்தர்ராஜின் முறை. போகாமல் இருக்க முடியாது.

"நீ இருந்து தோலைப் பாத்துக்க. நாய் வந்தா விரட்டு. நீ செய்ய வேண்டியது அவ்ளோதான். மத்தபடி எதையும் தொடாதே."

"சரிங்க."

அவர் கேட்டைச் சாத்திக்கொண்டு போனதும் ஜெயபுஷ்பம் அளவுகோலை எடுத்து வந்தார். சனிக்கிழமையே ஸ்பிரிங்கின் உயரத்தை அளந்து குறித்துவைத்திருந்தார். இப்போது அளந்தார். ஒரு நூல்கூடக் குறையவில்லை. தோல்தான் தளர்ந்து தொங்கியது.

பின்வாசலில் குரல் கேட்டது. "டீச்சர்!"

வாஹித் பாஷாவின் மனைவி பக்ருன்னிசா, இடுப்பில் ஒரு தேக்சாப் பாத்திரத்தோடு நின்றார். மூடியைத் திறந்தார். உள்ளே பழந்துணியில் சுற்றிய கொக்கித் திருகுகள் நான்கு.

"வூட்டுக்காரர் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சுட்டு நேத்து பூரா தூங்கலை. கேட்டேன், சொல்ட்டார். இல்லன்னு சொல்றேன்னு வாக்குக் குடுத்தவர் அவரு. நான் யாருக்கு இன்னா வாக்குக் குடுத்தேன்? எம் பொண்ணுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்து காலேஜுக்கு அனுப்பினது நீங்க."

"உங்களுக்கு இதைப் போடத் தெரியுமா?"

"பதினெட்டு வருஷமா எடுத்துக் குடுக்கறேனே. பாத்தா தெரியாதா?"

நான்கில் இரண்டு புதியவை, பளபளவென்றிருந்தன. பக்ருன்னிசா அவற்றை ஒதுக்கித் தள்ளினார். "இது வேணாம் டீச்சர். கட்டடம் கட்டற கம்பியில கடைசல் போட்டது. பாரம் ஏறினா கொக்கி நிமிந்துடும். இந்தக் கறுப்பு ஜோடி எடுங்க. கொக்கி தடிப்பு, திருகோட புரி தேயலை, நழுவாம இருக்க முனையில பின்னு இருக்கு. எப்பவும் ஜோடிதான். ஒத்தையா போட்டா ஸ்பிரிங் வில்லு மாதிரி வளைஞ்சு சீறும்."

ஜெயபுஷ்பம் தோலை அவிழ்த்துவிட்டு, திருகுகளின் புரிகளுக்கு கிரீஸ் தடவினார். எதிரெதிராக இரண்டு பக்கமும் கொக்கிகளை மாட்டிப் பின்னைச் செருகினார். மேலே கனமான சாக்கைப் போர்த்தி, ஸ்பிரிங்கின் முனை ஆளில்லாத சுவரைப் பார்க்கும்படி திருப்பினார்.

"இந்தப் பக்கம் ரெண்டு சுத்து," என்றார் பக்ருன்னிசா. "இப்ப அந்தப் பக்கம் ரெண்டு. அவசரப்படாதீங்க. ரெண்டும் சமமா எறங்கணும்."

"சர்ச் பதினொண்ணுக்கு முடியும்."

"முடியட்டும். கையி போனா சர்ச்சு திருப்பிக் குடுக்காது."

இரண்டு சுற்று, இரண்டு சுற்று. வேலிப்பக்கம் நாய் உறுமியது. தெருவில் யாரோ நடந்தாலும் இருவரும் நிமிர்ந்தார்கள். கடைசியில் ஸ்பிரிங் அமுங்கித் தன் தட்டை விட்டு விலகிக் கையால் ஆட்டினால் ஆடியது. அதன் பிறகே நடு நட்டைக் கழற்றினார்கள். பழையது வெளியே, புதியது உள்ளே. நட்டை இறுக்கிய பிறகே திருகுகளைத் தளர்த்தினார்கள், அதுவும் மாறிமாறி. அதை வண்டியில் பொருத்தினார்கள். பத்தே முக்காலுக்குச் சக்கரம் தரையில் நின்றது. எருமைத் தோலை வேலிக்கு வெளியே வீசினார் ஜெயபுஷ்பம். ஐந்து நாய்களும் சண்டையின்றிப் பங்கிட்டுக்கொண்டதை அன்றுதான் அந்தத் தெரு பார்த்தது. பக்ருன்னிசா திருகுகளைத் தேக்சாவில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சுந்தர்ராஜ் வந்தார். வண்டி நான்கு காலில் நின்றது. அவர்தான் நிற்க முடியாமல் படியில் உட்கார்ந்தார்.

"எ... எப்படி?"

"நீங்க சொன்ன மாதிரியேங்க! காய்ஞ்சு அப்படியே அமுக்கிடுச்சு. மாட்டிட்டேன். தோலை நாய் தூக்கிட்டுப் போய்ட்டுது. இருபது வருஷ சர்வீஸ்னா சும்மாவா?"

அவர் வாயைத் திறந்தார். அப்படி நடந்திருக்க முடியாது என்று சொன்னால், பிறகு ஏன் செய்தீர்கள் என்ற கேள்வி வரும். மூடினார்.

அந்நேரம் பார்த்து வாஹித் பாஷா வந்தார். கட்டிலுக்கடியில் திருகுகள் பத்திரமாக இருந்ததை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்தவர். வண்டியைப் பார்த்தார். நண்பரைப் பார்த்தார். "தோஸ்த்! நெஜமாவே தோல்லயா?"

மனைவி பக்கத்தில் நின்றார். "ஆமா," என்றார் சுந்தர்ராஜ் மெதுவாக.

பாஷா ஓடிப்போனார். நான்கு மணிக்கு ரிக்ஷாவில் திரும்பி வந்தார். மடியில் வேறொரு வண்டியின் ஸ்பிரிங். அதைச் சுற்றி எருமைத் தோல். மத்தியானம் முழுவதும் வெயிலில் வைத்திருந்தாராம்.

"உன் கையால தொறந்து வை தோஸ்த். இனிமே அந்தக் கொக்கி சனியனே வேணாம்." ஸ்பேனரை நீட்டினார்.

சுந்தர்ராஜ் வாங்கினார். நட்டைப் பார்த்தார். நட்டும் அவரைப் பார்த்தது.

"பாஷா பாய், நீங்க இப்படித் தள்ளி வந்து நில்லுங்க," என்றார் ஜெயபுஷ்பம். "ரிக்ஷாவும் நகரட்டும். அவர் மட்டும் பக்கத்துல இருந்தா போதும்."

"ஏன் டீச்சர்?"

"அவருக்குத்தான் எருமை மேல நம்பிக்கை ஜாஸ்தி."

சுந்தர்ராஜ் குனிந்தார். ஸ்பேனர் நட்டைத் தொட ஓர் அங்குலம் இருந்தது. ஜெயபுஷ்பத்தின் பார்வை அவர் மணிக்கட்டை விட்டு அகலவில்லை. அந்த அங்குலத்தில் சுந்தர்ராஜ் ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"தோல்ல ஒரு மண்ணும் ஆகாது பாஷா! டெஸ்ட் தள்ளிப் போகட்டும்னு சும்மா சுத்தினேன். யாரும் அந்த நட்டைத் தொடாதீங்க!"

தெருவுக்கே கேட்டது. பாஷா மறுபடி வானத்தைப் பார்த்தார்.

"உங்க கொக்கியாலதான் பாய் செஞ்சோம்," என்றார் ஜெயபுஷ்பம். "வீட்ல கேளுங்க. இந்தத் தோலை முதல்ல அவுத்துப் போடுங்க." பிறகு கணவரிடம் திரும்பினார். "எல் போர்டு வண்டியில பக்கத்துல லைசென்ஸ் உள்ளவங்க ஒருத்தர் உக்காரணுமாம். காலையில ஆறரைக்குக் கிளம்பணும். வர்றீங்களா, பாஷா பாயைக் கூட்டிட்டுப் போகட்டா?"

"வர்றேன்," என்றார் முன்னேற்றத்துக்காக நாற்பது நிமிடம் பேசியவர். வேலூர்வரை கண்ணைத் திறந்துகொண்டே போனார்.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு, உரிமத் தேர்வு நடத்திய பிரேக் இன்ஸ்பெக்டர் ஜெயபுஷ்பத்தின் தாளில் கையெழுத்திட்டார். செவ்வாய்க்கிழமை தாளாளருக்குப் பதில் போயிற்று. சுந்தர்ராஜ் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டார். ஜெயபுஷ்பம் அந்தப் பள்ளியில் பதினோரு ஆண்டுகள் தலைமையாசிரியையாக இருந்து, 1989இல் ஓய்வு பெற்றார்.