மூன்றாவது கொட்டேஷன்

அரசு ஊழியர் ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால், தொண்ணூறு நாளுக்குள், சம்பளத்தோடு நான்கு நாள் எங்காவது போய்வரலாம் என்று ஓர் ஆணை இருக்கிறது. அரசாங்கத்துக்கும் இதயம் உண்டு என்பதற்குச் சான்றாக இந்த ஆணையைத்தான் காட்டுவார்கள். வேறு சான்று கிடையாது.

எடை முத்திரை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன எழுத்தர் ஒருத்திக்கு இந்த ஆணை பொருந்தியது. கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே அலுவலகம் அவளுக்குப் புதுப்பெண் என்று பெயர் வைத்துவிட்டது. கடைக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை தராசையும் எடைக்கல்லையும் அங்கே தூக்கிவந்து, சரிபார்த்து, முத்திரை வாங்கிப் போக வேண்டும். முத்திரை போடும் ஆய்வாளர் மாற்றலாகிப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அடுத்தவர் வரவில்லை. எனவே, கடைக்காரர் எத்தனை தடவை வந்தாலும் ஒவ்வொரு தடவையும் அவர் பெயரைக் காத்திருப்போர் பதிவேட்டில் எழுதி, அடியில் சிவப்பு மையால் ஒரு கோடு போடுவது புதுப்பெண்ணின் பணி. கோடு நேராக இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தேனிலவுக்கு அவளுக்கு மலையும் வேண்டாம், கடலும் வேண்டாம். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற ஓர் அறை போதும்.

புகுந்த வீட்டில் இரண்டே அறை. நடுவில் கதவு கிடையாது. மீன் படம் போட்ட ஒரு நீலத் திரைதான். அந்தப் பக்கம் மாமனார், மாமியார், நாத்தனார். இந்தப் பக்கம் இவர்கள் இருவர். கணவனிடம் கேட்க அவளுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. "ஒரு குழந்தை வந்ததும் வேலையை விட்டுடுவா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அது மாமியாரின் ஆசையா, இல்லை அவனும் சேர்ந்து எடுத்த முடிவா? இரண்டு மாதமாகியும் கேட்க முடியவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் எதைக் கேட்டாலும் பதில் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

"என்னங்க, உங்களுக்கு மலை பிடிக்குமா, கடல் பிடிக்குமா?" என்று ஒரு காலையில் அவன் காதோடு காதாகக் கேட்டாள்.

"மலை ஏறினா அவனுக்குக் காது அடைச்சுக்கும்மா" என்றது திரை, மாமியார் குரலில்.

"கடலும் வேண்டாம். உப்புக் காத்து அவன் தொழிலுக்கு ஆகாது" என்றது, மாமனார் குரலில். அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. கடலில் போய் லென்ஸ் தேய்க்கும் உத்தேசம் அவனுக்கு இல்லை. ஆனாலும் அவன் "பாக்கலாம்" என்றான். அந்த வீட்டில் அவன் பேசுகிற ஒரே வார்த்தை அதுதான்.

"எங்க வேணா போங்க, யாரும் போகாத இடமா போங்க அண்ணி" என்றாள் நாத்தனார், திரையை விலக்கிக்கொண்டு. அவளுடைய தோழி ஒருத்தி தண்ணீருக்கு அடியில் கண்ணாடி அறையில் தங்கிவிட்டு வந்திருந்தாள். மீன்களெல்லாம் வரிசையாக வந்து வேடிக்கை பார்த்தனவாம். இன்னொருத்தி மரத்து உச்சியில் தங்கினாள். ஏணியை எடுத்துவிடுவார்களாம், அதுதான் அங்கே விசேஷம். "நீங்க பாட்டுக்குச் சாதாரண ஓட்டல்ல படுத்துட்டு வந்தீங்கன்னா போட்டோவை நான் எப்படி நாலு பேருக்குக் காட்டறது? எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்ல?"

புதுப்பெண் திரையில் இருந்த மீன்களைப் பார்த்தாள்.

அன்றே, இடம் என்று ஏதாவது போட வேண்டுமே என்பதற்காக மலை என்று போட்டு, விண்ணப்பத்தை நிரப்பிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தாள். அவர் அதை மேலிருந்து கீழாக ஒரு தடவை, கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார்.

"சென்று தங்கும் இடம், மலைன்னு போட்டிருக்கீங்க. எந்த அடிப்படையில?"

"ஆசைப்பட்டு சார்."

கண்காணிப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருஷத்தில் அப்படியொரு காரணத்தை எந்தக் கோப்பிலும் அவர் பார்த்ததில்லை.

"சம்பளத்தோட விடுப்புன்னா என்ன? அரசாங்கம் உங்களுக்காக நாலு நாளை வாங்குது. அரசாங்கம் எதை வாங்கினாலும் மூணு கொட்டேஷன் வேணும். பென்சிலுக்கும் அதுதான், தேனிலவுக்கும் அதுதான். மூணு இடத்தை எழுதிக் கொண்டாங்க. ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு, எது உத்தமமோ அதுக்கு அனுமதி தரேன்."

மலை ஒன்று, கடல் ஒன்று. மூன்றாவதுக்கு எங்கே போவது? பக்கத்து மேசைத் தட்டச்சர் அக்காவைக் கேட்டாள்.

"அட, மூணாவது சும்மா பேருக்குத்தான்! இந்த ஆபீஸ்ல எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம். நாற்காலி வாங்கினப்போ மூணாவது கொட்டேஷனா ஒரு முக்காலிக்காரன்கிட்ட வாங்கினோம். தோக்கறதுக்குன்னே ஒண்ணு போடணும். யாரும் திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது."

யாரும் திரும்பிப் பார்க்காத இடம் ஒன்று ஜன்னலுக்கு வெளியிலேயே இருந்தது. அலுவலகத்தின் பின்புறம், ஆய்வாளர் தங்குவதற்கென்று கட்டிய ஒற்றை அறை விடுதி. சுவரெல்லாம் பாசி. புதுப்பெண் சிரித்துக்கொண்டே அதை மூன்றாவதாக எழுதினாள்.

எட்டு நாளில் ஆணை வந்தது. பார்வையில் காணும் விண்ணப்பம் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டதாகவும், அலுவலகத்திலிருந்து அளந்ததில் மலை இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், கடல் நூற்று நாற்பது, விடுதி சுழியம் என்று தெரியவந்ததாகவும், வழியில் பொழுது வீணாகாத காரணத்தால் மேற்படி விடுதியே தேர்வு செய்யப்பட்டதாகவும் அதில் இருந்தது.

"சார், அது சும்மா எழுதினது சார்!"

"அரசாங்கத்துக்குச் சும்மா எழுதினீங்களா?"

புதுப்பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மேல்முறையீடு பண்ணலாம்" என்றார் கண்காணிப்பாளர், இரக்கத்தோடு. "முடிவு வர அறுபது நாள் ஆகும். உங்க தொண்ணூறுல மிச்சம் ஆறு நாள் இருக்கு."

வீட்டில் செய்தி சொன்னபோது மாமியார் மகிழ்ந்தாள். "பக்கத்துலதானே? சாயங்காலமா வந்து பாத்துட்டுப் போறோம்." நாத்தனார் அழுதாள். அழுது முடித்ததும், பாசிச் சுவரை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். அதற்குக் கீழே 'இடம் ரகசியம்' என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினாள். கண்ணாடி அறைத் தோழி அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம்.

விடுதியில் இரண்டு இரும்புக் கட்டில், ஓர் அலமாரி, ஒரு ஜன்னல். கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. புதுப்பெண் அதைப் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

முதல் நாள் முழுக்க இருவரும் பேசவில்லை. பழக்கம் இல்லை. அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரட்டும் என்று காத்திருப்பான். பதில் வராது. எழுந்துபோய் ஜன்னல் வழியாக அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இரண்டாம் நாள் மதியம் அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டாள்.

"என்னங்க, குழந்தை வந்தா நான் வேலையை விட்டுடணுமா?"

அவன் ஜன்னலிலிருந்து திரும்பினான். "விடறதா? நேத்திலேருந்து பாக்கறேன், உள்ள பதினாலு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தர் கையும் அசையலை. நீ முதல்ல வேலைக்குச் சேரு. விடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."

இரண்டு மாதமாக அவள் எத்தனையோ பதில்களை நினைத்துப் பயந்திருந்தாள். இது அதில் இல்லை.

"நான் வேலை செய்யலையா? ஒரு நாளைக்கு நாப்பது கோடு போடறேன், தெரியுமா உங்களுக்கு?"

"கோடா?"

"நேரா இருக்கும்!"

"நேரா இருந்தா சரிதான். நாட்டுக்கு நல்லது."

"உங்க லென்ஸை விட நேரா இருக்கும்!"

"லென்ஸ் நேரா இருந்தா அது ஜன்னல் கண்ணாடிடி."

அவன் அவளை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. தாழ்ப்பாளுக்குப் பின்னால், யாரும் ஊடே புகாமல், இருவரும் அரை மணி நேரம் ஆசை தீரச் சண்டை போட்டார்கள். கதவு தட்டப்பட்டபோது இருவருக்கும் எரிச்சலாக இருந்தது.

வெளியே ஓர் ஆணிக்கடைக்காரர், தோளில் தராசோடு நின்றார்.

"முத்திரை வேணும்மா."

"நான் லீவ்ல இருக்கேங்க."

"தெரியும்மா, அதான் வந்தேன். சீட்ல இருக்கறவங்ககிட்ட ஒன்றரை வருஷமா கேட்டாச்சு. லீவ்ல இருக்கறவங்களைக் கேட்டுப் பாப்போமேன்னு." தராசை இறக்கிவைத்தார். "உங்க பதிவேட்டுல என் பேர் இருக்கு. அடியில நல்லா நேரா ஒரு கோடும் இருக்கு. ஆனா அதை நம்பி எவனும் ஆணி வாங்க மாட்டேங்கறான்."

கணவன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. விறுவிறுவென்று போய் அலமாரியைத் திறந்தாள். ஆய்வாளர் விட்டுப்போன சோதனை எடைக்கல், முத்திரை அச்சு, சுத்தியல் எல்லாம் அங்கேயே இருந்தன. அலமாரிக் கதவின் உள்பக்கம் பழுத்த தாளில் ஒரு விதி ஒட்டியிருந்தது: ஆய்வாளர் இல்லாத காலத்தில் பிரிவு எழுத்தரே முத்திரையிடலாம்.

அவள் ஆணிக்கடைக்காரரின் தராசைச் சரிபார்த்தாள். ஓங்கி ஒரு போடு போட்டாள். முத்திரை பதிந்தது.

செய்தி கடைவீதிக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் ஒன்பது தராசு. அடுத்த இரண்டு நாளில் ஐம்பத்திரண்டு. தேய்ந்த எடைக்கல்லின் அடியில் கணவன் ஈயம் வைத்துச் சரிக்கட்டிக் கொடுத்தான். மயிரிழை வித்தியாசம்கூட அவன் விரலுக்குத் தெரிந்தது. வேலையோடு வேலையாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

"மலை ஏறினா உங்களுக்குக் காது அடைக்கும்னாங்களே?"

"நான் மலைக்கே போனதில்லை."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"யார் கேட்டா?" அவன் ஒரு கல்லை ஊதித் துடைத்தான். "நீ வேலையை விடாதே. இப்படி ஒரு போடு போடறவளை வீட்டுல உட்கார வைக்க முடியுமா? அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

சாயங்காலம் பார்க்க வந்த மாமியார், தராசு வரிசையைப் பார்த்துவிட்டு, உள்ளே வர முடியாமல் வாசலோடு திரும்பினாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன காலை, புதுப்பெண்ணுக்குக் கால் தரையில் படவில்லை. மேசைமேல் ஒரு குறிப்பாணை இருந்தது. கண்காணிப்பாளரே கைப்பட எழுதியிருந்தார். அவள் தன் இடத்தில் நின்றபடியே படித்தாள்.

விடுப்பில் இருந்தபோது பணிபுரிந்து விடுப்பின் நோக்கத்தைச் சிதைத்ததும், ஒன்றரை ஆண்டு நிலுவையை மூன்று நாளில் முடித்து, மேற்படி நிலுவை முடிக்கக்கூடியதே என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடையே பரப்பியதும் குற்றங்கள். விடுப்பில் இருந்தபோது போட்டதால் அறுபத்தொரு முத்திரையும் செல்லாது. மேலிடத்திலிருந்து முடிவு வரும்வரை அவள் நாள்தோறும் தவறாமல் வந்து இருக்கையில் அமர வேண்டும். எந்தக் கோப்பையும் பொருளையும் தொடக் கூடாது.

"கோடு?" என்று கேட்டாள். சிவப்புப் பேனா கையிலேயே இருந்தது.

"கோடும் கூடாது" என்றார் கண்காணிப்பாளர்.

அவர் உள்ளே போனதும் தட்டச்சர் அக்கா ஓசைப்படாமல் தன் மேசை இழுப்பறையைத் திறந்து அதே மாதிரி ஒரு பழைய குறிப்பாணைத் தாளை எடுத்துக் காட்டினாள்.

"அழாதடி. எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. அவசரம்னு ஒருத்தர் கெஞ்சினாரேன்னு, ஒரு கடிதத்தை அன்னிக்கே அடிச்சுக் குடுத்துட்டேன்."

"எனக்குப் பதினொண்ணு" என்றார் எதிர் மேசைக்காரர். "லஞ்ச் நேரத்துல ஒரு கையெழுத்து."

ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்தது. எல்லா மேசையிலும் ஒரு தாள் இருந்தது. ஒவ்வொருவரும் என்றோ ஒருநாள், யாருக்கோ மனசு இளகி, ஒரு வேலையைச் செய்திருந்தார்கள்.

புதுப்பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மற்றவர்களைப் பார்த்து, அவர்களைப் போலவே மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

முத்திரை செல்லாதென்று கேள்விப்பட்டு, கடைவீதி முழுக்கத் தராசோடு வாசலுக்கு வந்திருந்தது. ஆணிக்கடைக்காரர் முன்னால் வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். இருக்கையில் அவளைப் பார்த்தார். பிறகு தராசைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா வேலைக்கு வந்துட்டாங்கப்பா. இனி ஒண்ணும் நடக்காது. வாங்க, போகலாம்."