நண்டு மார்க் சட்டையைத் திருப்பித் தர மாட்டேன்

அன்புத் தம்பி முத்துராஜுக்கு,

உன் உடன்பிறந்த அக்கா இருசம்மாள் ஏரிக்கரையிலிருந்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் வீடும் இரண்டு ஆடுகளும் சுகம். அதேபோல் மீஞ்சூரில் நீயும் உன் கம்பெனியும் உன் அறையில் தங்கியிருக்கும் பையன்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். என் போன் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டபடியால் இதைக் கம்பெனி விலாசத்துக்கு அனுப்புகிறேன். கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. எட்டாவது வரை படித்தவள் நான், அவர் சிரிக்கிற அளவுக்கு எழுத்துப் பிழை இருக்காது.

நிற்க. நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று முறை கேட்டேன். மாப்பிள்ளைக்குக் கொடுத்த பிராண்டட் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏரியில் இறங்கி மானத்தை வாங்கிவிட்டேனாம். உன் வருங்கால மாமனார் கங்காதரனை அவர் ரெடிமேட் கடையிலேயே வைத்து அவமானப்படுத்திவிட்டேனாம். சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்காவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமாம். தம்பி, மன்னிப்பும் கேட்க மாட்டேன், சட்டையும் தர மாட்டேன். அது முதலில் உன் சட்டையே இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நீ அதை மாட்டிப் பார்த்தாய், தலை உள்ளே போனது, தொப்பைக்கு மேல் நின்றுவிட்டது, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நீ கை ரெண்டையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுத்திச் சுத்தி வந்தாய், நான்தான் காலை சுவத்தில் உதைத்துக்கொண்டு இழுத்துக் கழட்டினேன். அப்போ நீ இன்னா சொன்னே? ‘நீயே வெச்சுக்கக்கா, எனக்கு வாணாம்’னு சொன்னியா இல்லியா? நான் வெச்சுக்கினேன். வெச்சுக்கறதுன்னா பெட்டியில வெச்சுப் பூச்சி உருண்டை போடறதுன்னு நீ நெனச்சா அது உன் தப்பு.

ஏரியில எதுக்குச் சட்டைனு உன் மாமனாரு கேக்கலாம், நீ கேக்கக் கூடாது. நைனா போன பின்னாடி இந்த ரெண்டு கையாலயும் சேத்தைத் தடவி இறால் புடிச்சித்தான் உன்னை ஐடிஐ வரைக்கும் படிக்க வெச்சேன். காலையில இறங்கினா மதியம் வரைக்கும் முதுகு மேல வெயிலு. சேலை மட்டும் கட்டிக்கினு குனிஞ்சா பின்கழுத்து வெந்து தோலு உரிஞ்சிடும். பட்டன் வெச்ச சட்டை போட்டா சேத்துல இருக்கிற சிப்பியில மாட்டிக்கினு பட்டன் ஒவ்வொண்ணா போயிடும். போலோனு நீங்க ஸ்டைலா சொல்றீங்களே, அந்தக் காலர் வெச்ச டி-சர்ட்டுதான் எங்க தொழிலுக்குனே தெச்ச மாதிரி. பட்டன் கழுத்துல மட்டும்தான். காலரைத் தூக்கி விட்டா கழுத்துக்கு நிழலு. கை ஓரத்துல இறுக்கமா பட்டி இருக்கறதால கெண்டைக் குஞ்சு அக்குளுக்குள்ள போய்க் கிச்சுகிச்சு மூட்டாது. அதனால எந்தச் சட்டை எப்படினு என்னைவிடத் தெரிஞ்சவங்க கடை வெச்சிருக்கறவங்கள்லயே யாரும் இருக்க மாட்டாங்க, ஏன்னா அவங்க யாரும் அதை நனைச்சுப் பார்த்ததில்ல.

நீ குடுத்த உன் கம்பெனி யூனிபார்ம் சட்டை, சாம்பல் கலர், நாலு வருஷமா உழைக்குது, ஒரு நூல் பிரியல, அதுக்கு நான் நன்றி சொல்றேன். ஆனா தண்ணி குடிச்சா ஒரு புள்ளையத் தூக்கினு நடக்கற கனம், ஸ்டைலுனு கேட்டா சிமெண்டு மூட்டை. இறால் தீவன ஏஜெண்டு கூட்டம் போட்டு இலவசமா குடுத்தானே மஞ்சள் சட்டை, அது கரை ஏறி டீ குடிக்கறதுக்குள்ள காஞ்சிடும், அதுவரைக்கும் நல்லதுதான். ஆனா துணியா சல்லடையானு தெரியாம வெயிலு நேரா உள்ள வந்துடும், முதுகுல வேற தீவனத்தோட பேரு எழுதி இருக்கறதால மீன் நம்மளையே பார்க்குதோனு ஒரு சந்தேகம். ஆரம்பாக்கம் சந்தையில குவியல்ல எடுத்தது பச்சைக் கலரு, நெஞ்சுல கொக்கு, பாக்கெட்டுல கிரீடம், ரெண்டு கம்பெனிக்காரங்களும் சம்பந்தம் பண்ணிக்கினாங்க போல. அது சாயம் போகல, சுருங்கல, காலர் நிமிர்ந்து நிக்குது. என் மார்க்கு அதுக்குத்தான். கடைசியில உன் மாமனாரோட நண்டு மார்க்கு. பார்க்க அழகு, நான் இல்லைனு சொல்லல. நீலக் கலரு, போட்டா நானே பஞ்சாயத்துத் தலைவி மாதிரி இருந்தேன். மூணாவது முழுக்குல காலரு கருவாடு மாதிரி சுருண்டுச்சு. கழுத்து, தோளு, உள்ளங்கை எல்லாம் நீலம். இறால் எடுக்க வந்த வியாபாரி, இன்னாம்மா விஷம் கிஷம் கடிச்சிடுச்சானு கேட்டான்.

இப்போ புதன்கிழமை நடந்ததைச் சொல்றேன். தண்ணி வத்தி நல்லா தோதா இருந்துச்சு. நானும் பக்கத்து வீட்டு ருக்குவும் இறால் போடற பனை ஓலைப் பறியைப் பல்லுல கடிச்சிக்கினு, கை ரெண்டையும் சேத்துல விட்டுத் தடவிக்கினு இருந்தோம். உன் மாமனாரு ஒரு போன் கூடப் பண்ணாம, பேண்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சிக்கினு கரையில வந்து நின்னாரு. அது மாப்பிள்ளை சட்டை தானேனு கேட்டாரு. வாயில பறி, உள்ள பதினஞ்சு இறாலு. தொறந்தா எல்லாம் ஏரிக்கே போயிடும். ‘ம்’னேன். கல்யாணத்தை மீஞ்சூர் மண்டபத்துலயே வெச்சிக்கலாமானு கேட்டாரு. அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு என் சுண்டு விரலைப் புடிச்சது. நான் ‘ம்ம்ம்’னு இழுத்தேன். அதை அவரு ரொம்ப சந்தோஷம்னு எடுத்துக்கினாரு. அப்புறம், மாப்பிள்ளை எங்க மாடியிலயே குடி இருக்கட்டும், நீங்களும் இந்தத் தண்ணி வேலையெல்லாம் விட்டுடுங்க சம்பந்திம்மா, எங்க சொந்தக்காரங்க பார்த்தா நல்லா இருக்காதுனாரு. வாணாம்னு தலையைப் பலமா ஆட்டினேன். பறியில இருந்து தண்ணி அவரு சட்டை மேல தெறிச்சது. மனுஷன் அதை ஆசீர்வாதம்னு நெனச்சிக் கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. ருக்கு சிரிக்கவும் முடியாம பறியை விடவும் முடியாம கண்ணுல தண்ணி விட்டா. அவரு கணக்குல நான் எல்லாத்துக்கும் ‘ஒத்துக்கின’ கதை இதுதான்.

அதனாலதான் மறுநாள் காலையில நானே ரயில் ஏறி மீஞ்சூர் வந்தேன். அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கினு வந்தேன், மத்த மூணையும் பையில எடுத்துக்கினேன். கடையில ரெண்டு பேரு துணி பார்த்துக்கினு இருந்தாங்க, கல்லாவுல நீ கட்டிக்கப் போற பூவிழி உக்காந்திருந்தது. பையில இருந்த மூணையும் மேசை மேல பரப்பி, உனக்கு மேலே எழுதினதையெல்லாம் அவருக்கும் சொன்னேன். பெரிய பிராண்டுமா இது, மெஷின்ல போட்டுத் துவைக்கணும்னாரு. எங்க ஏரிக்கு அப்படி மெஷின் இல்லைங்கனு சொன்னேன். அப்புறம் கௌரவம் பத்திப் பேச ஆரம்பிச்சாரு. கம்பெனி வேலை பார்க்கற மாப்பிள்ளையோட அக்கா சேத்துல தடவறது அவருக்குக் கேவலமாம். அப்போதான் கேட்டேன்:

“சட்டை நீங்க குடுத்தது, திருப்பிக் கேட்டா ஒரு ஞாயம் இருக்கு. வேலை நீங்க குடுத்ததில்லையே, அதை விடச் சொல்ல நீங்க யாரு?”

அதோட நான் விட்டிருக்கலாம், விடல. இந்த நண்டையே பாருங்கனு நெஞ்சைக் காட்டினேன். கொடுக்கு ரெண்டு சரி, கால் எட்டு இருக்கணும், ஆறுதான் தெச்சிருக்கான், நண்டு புடிக்கறவ கிட்டயே இதைக் குடுக்கறீங்களேனு கேட்டேன். பூவிழி எழுந்து அலமாரியில இருந்து நாலு சட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துச்சு.

“அப்பா, இதுல ஏழு இருக்கு. இதுல ஒம்பது.”

துணி பார்த்துக்கினு இருந்த ரெண்டு பேரும் மடிச்சி வெச்சிட்டுப் போயிட்டாங்க. அவ்ளோதான் நடந்தது. எந்தத் துணி ஏஜெண்டோ போலிச் சரக்கைத் தள்ளி அவரை ஏமாத்தினதுக்கு நான் பொறுப்பா? கண்ணு இருக்கறது குத்தமா? தம்பி, உனக்கு அந்த வீட்டு மாடி வேணும்னா போய் இரு. நான் ஏரியை விட மாட்டேன். அந்தக் கடை வாசல்ல இனிமே என் காலு படாது. கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டேன், கூப்பிடலைனாலும் வர மாட்டேன். மன்னிப்புங்கற வார்த்தையை எனக்கு எழுதக் கூடத் தெரியாதுனு நெனச்சுக்கோ, மேலே எழுதி இருக்கறதைக் கணக்குல எடுத்துக்காதே.

மற்றபடி நேரத்துக்குச் சாப்பிடவும். ஷிப்ட் முடிந்து ரயில் பாதையைக் குறுக்கே கடக்க வேண்டாம். நோய் நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வாழ்த்தும்,

உன் அக்கா,
இருசம்மாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது பூவிழி வந்துவிட்டது. தனியாக ரயில் ஏறி, ஆரம்பாக்கத்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறது. சண்டை போடும் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். அப்பா நாலு நாளா கடையைத் தொறக்கல அண்ணி, உள்ள உக்காந்து ஒவ்வொரு சட்டையா நண்டைப் பிரிச்சிக்கினு இருக்காருனு மட்டும் சொல்லிச்சு. எனக்கு மனசு கேக்கல. வியாபாரி நாலு பேரு முன்னாடி என் இறாலை யாராவது நாறுதுனு சொல்லியிருந்தா நான் எப்படி இருந்திருப்பேன்? அதனால பூவிழியோடயே கிளம்பிப் போய், கடை வாசல் ஏறி, அன்னிக்கு வாடிக்கைக்காரங்க முன்னாடி அப்படிச் சொன்னது தப்புதான்னு மன்னிப்புக் கேட்டுட்டேன். அவரும் வேலையைப் பத்திப் பேசினது தப்புனு ஒத்துக்கினாரு. கல்யாணம் ஆவணியில, மீஞ்சூர் மண்டபத்துலயே. தேதியை நான்தான் குறிச்சேன். வர்ற திங்கக்கிழமை மெட்ராஸுல புதுச் சரக்கு எடுக்கத் துணி பார்த்துச் சொல்ல நானும் வரணும்னு கேட்டிருக்காரு, சரினு சொல்லிட்டேன். அன்னிக்கு நீ லீவு போட்டுட்டு ஸ்டேஷனுக்கு வந்து நிக்காதே. சம்பந்திங்க நாங்க பேசிக்க நிறைய இருக்கு.