பொறை போட்ட வேலி

ஒரு காட்டில் ஒரு கரடி வாழ்ந்தது என்று சொன்னால் கரடியாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் வாழ்ந்தது சொந்தப் பலாத்தோப்பில். காடு அதைச் சுற்றி இருந்தது, அவ்வளவுதான். தோப்புக்குக் காவல், பட்டாணி என்கிற நாய்.

பட்டாணி நல்ல காவல்காரன்தான். ஆனால் சாயங்காலமானால் கால் தரையில் நிற்காது. காட்டோரத்தில் ஆமையக்கா டீக்கடை. அங்கே போய் வாலாட்டினால் ஒரு பொறை ரொட்டி விழும். அந்த ஒரு பொறைக்காக அவன் உயிரையே விடுவான். அவன் தலை மறைந்ததும் குரங்குக் கூட்டம் தோப்பில் இறங்கிவிடும்.

பார்த்தார் கரடியார். நரியைக் கூப்பிட்டார். நரி அப்போது மின்வேலி வியாபாரத்தில் இருந்தது. தோப்பைச் சுற்றி மண்ணுக்கடியில் கம்பி புதைத்து, கம்பி போன வழியெல்லாம் வெள்ளைக்கொடி நட்டது. பட்டாணியின் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டியது.

"கொடிகிட்ட போனா பட்டை 'கீ'ன்னு கத்தும். அதுக்கும் மேல காலை வெச்சா ஷாக் அடிக்கும்," என்றது நரி. "சத்தம் கேட்டு நாய் திரும்புச்சுன்னா அந்த நிமிஷமே ஒரு பொறை குடுத்துடணும் அண்ணே. லேட் பண்ணீங்கன்னா பாடம் மண்டையில ஏறாது."

முதல் நாள் பட்டாணி டீக்கடை ஞாபகத்தில் கொடியைத் தாண்டிவிட்டான். அடித்த அடியில் வால் நுனிவரை விறைத்துப் போனது. பாவம், ஊளைகூடப் பாதியில் நின்றுவிட்டது. கடை அதோ தெரிகிறது, போகத்தான் முடியவில்லை. அன்றைக்கு அவன் நிஜமாகவே அழுதான்.

மறுநாள் கரடியார் கயிற்றைக் கட்டிக் கொடிவரை கூட்டிப்போனார். 'கீ.' பட்டாணி பதறிப் பின்வாங்கினான். வாயில் பொறை விழுந்தது. மறுபடி 'கீ.' மறுபடி பொறை. அழுகை போன இடம் தெரியவில்லை.

சத்தம் வரும், ஷாக் வராது என்கிற இடம் ஒரு சாண் இருந்தது. பட்டாணி அதைக் கண்டுபிடித்துப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டான். கழுத்தை நீட்டினால் 'கீ', இழுத்துக்கொண்டால் பொறை. கரடியார் அரைத்தூக்கத்தில் இருந்தாலும், பாடம் மண்டையில் ஏறாமல் போய்விடுமோ என்று பயந்து பொறையோடு ஓடி வருவார். அவர் இந்தப் பக்கம் ஓடிவரும் நேரம் பார்த்துக் குரங்குகள் அந்தப் பக்கம் பழம் பறித்தன.

ஒரு நாள் பட்டை கத்தவில்லை. பட்டாணி பயந்து பயந்து ஒரு காலைத் தாண்டி வைத்தான். ஷாக்கும் இல்லை. பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. விடுதலை! ஒரே ஓட்டமாக டீக்கடைக்குப் போய் வாலை ஆட்டினான்.

ஆமையக்கா ஏற இறங்கப் பார்த்தாள். "வாய்யா பெரிய மனுஷா! வாலாட்டினா பொறை போட்டதெல்லாம் அந்தக் காலம். ராத்திரி கடைக்குக் காவல் இருக்கியா, சொல்லு. இல்லேன்னா பொறைக்கு வரிசையில நிக்குற அந்த நாலு நாய்க்குப் பின்னால போய் நில்லு."

பட்டாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. காவல் காப்பதா? அதுவும் ஒரே ஒரு பொறைக்கா? வந்த வழியே திரும்பி ஓடினான். கொடியருகே படுத்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு தானே கத்தினான்: "கீ!"

கரடியார் மூச்சிரைக்க ஓடி வந்தார், கையில் பொறை.

வேலியைச் சரிபார்க்க நரி வந்தபோது தோப்பில் ஒரு பிஞ்சுகூட மிச்சமில்லை. பட்டையில் உயிர் இல்லாததும் அதன் கண்ணில் பட்டது. பட்டாணி பாதிப் பொறையை அதன் பக்கம் தள்ளினான். நரி சத்தமில்லாமல் மென்றது.

"பழம் போனா போகுதுப்பா," என்றார் கரடியார். "நாய் ஒரு அடி தாண்டலை பாரு. எப்படிப் பழக்கி வெச்சிருக்கேன்!"

கரடியாரைப் பழக்கிய பெருமை பட்டாணிக்கும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "கீ" என்றான்.

நீதி: வேலியில் மின்சாரம் இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, வேளாவேளைக்குச் சத்தம் வந்தால் போதும்.